ஜினியாவுக்காக நோயில் படுத்தவர்

என் அப்பா சின்னக்கண்ணு, தன் ஐம்பத்து மூன்றாம் வயதில், பதினான்கு நாள் நோயாளியாகக் கட்டிலில் படுத்திருந்தார். அவருக்கு ஒரு நோயும் இல்லை. நோய் அவருடைய ஜினியாச் செடிகளுக்குத்தான் வந்திருந்தது. ஊர் கூடிப் பேசி, எல்லோருக்கும் நியாயமாகப் பட்ட ஒரு முடிவின்படி அவர் படுத்தார். போன மாசியில் அவர் இறந்தபோது, துக்கத்துக்கு வந்தவர்களில் பாதிப்பேர் அந்தப் பதினான்கு நாளைப் பற்றித்தான் பேசினார்கள். ஆளுக்கொரு விதமாகப் பேசினார்கள். நடந்தது நடந்தபடி ஓரிடத்தில் இருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கூவமரத்துப்பட்டி. கொல்லிமலையில் பல ஊர் சேர்ந்தால் ஒரு நாடு; எங்கள் ஊர் திண்ணனூர் நாட்டைச் சேர்ந்தது. நாற்பத்தாறு வீடு. எல்லோரும் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி போடுவார்கள், மிளகுக்கொடி ஏற்றுவார்கள், சாமை விதைப்பார்கள். அப்பாவும் அதையேதான் செய்தார். ஆனால் கயிறு கட்டிச் செய்தார். கிழங்குக் குச்சியைக்கூட இரண்டு முனையிலும் முளையடித்து, கயிறு இழுத்து, கயிற்றோடு ஒட்டித்தான் நடுவார். வரிசையில் ஒரு செடி கோணலாக நின்றால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

இப்படிப்பட்டவர் ஒருமுறை செம்மேட்டுப் பக்கம் ஒரு தங்கும் விடுதிக்குக் கல் சுமக்கப் போனார். அங்கே நடைபாதையின் இரண்டு பக்கமும் ஜினியா நட்டிருந்தார்கள். சிவப்பு ஒரு வரிசை, மஞ்சள் ஒரு வரிசை, ஒரே உயரம், ஒரே இடைவெளி. அப்பா கல்லை இறக்கி வைத்துவிட்டு, மேஸ்திரி வந்து திட்டும்வரை பார்த்துக்கொண்டு நின்றாராம்.

"பாவாயி, திங்கவும் முடியாது, கொழம்புக்கும் ஆகாது. அத இம்புட்டு நேரா நட்டு வெச்சிருக்கறாங்க" என்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னார்.

"அதுக்கு?"

"நாமளும் நடோணும்."

மலையில் பூச்செடி வளர்ப்பவர்களுக்கென்று ஒரு குழு இருந்தது. விடுதிகளுக்கும் சாலையோரத் தோட்டங்களுக்கும் பாத்தியில் வைக்கிற செடிகளை வளர்த்துக் கொடுப்பார்கள். குழு ஒரு நிழல்வலைக் குடில் கொடுக்கும்: இரும்புக் கம்பிச் சட்டம், மேலே பச்சை வலை. அதற்கு ஒரு விதி உண்டு. மூன்று வருடம் தொடர்ந்து செடி கெட்டுப்போனாலோ, வளர்ப்பவர் இறந்துபோனாலோ வலையை அவிழ்த்து, பட்டியலில் அடுத்த பெயருக்குக் கொடுத்துவிடுவார்கள். அடுத்த பெயர் அர்த்தனாரி. அப்பாவுக்குப் பங்காளி, பக்கத்துக் காடு.

முதல் வருடம் செடிகளுக்குச் சாம்பல் நோய் வந்தது. இரண்டாம் வருடமும் வந்தது. இலையின் மேல் யாரோ கோலமாவைச் சிந்திவிட்டுப் போனதுபோல ஒரு புள்ளி விழும். ஒரு வாரத்தில் செடி முழுவதும் மாவில் புரட்டி எடுத்ததுபோல ஆகிவிடும். பூ பூக்கும், ஆனால் அதை யாரும் வாசலில் வைக்க மாட்டார்கள். பகலில் வெயில், சாயந்திரமானால் பனிமூட்டம், நெருக்கி வைத்த செடிகள். அந்த நோய் குடியேற எங்கள் மலையைவிட வசதியான ஊர் இல்லை.

மூன்றாம் வருடம், ஆடி விழாவில் நடக்கும் பூக்கண்காட்சிக்கு அறுநூறு ஜினியா கொடுக்கும் பொறுப்பு அப்பாவுக்கு வந்தது. செடி சுத்தமாகப் போய்ச் சேர்ந்தால் வலை நிற்கும். இல்லையென்றால் அர்த்தனாரிக்கு. அர்த்தனாரி வாரம் ஒருமுறை அளவு டேப்போடு வந்து குடிலை அளந்துவிட்டுப் போவார்.

"போன வாரம் அளந்தியே பங்காளி, அதுக்குள்ள வளந்துருச்சா?" என்பார் அப்பா.

"இல்ல, எங்கூட்டு எடம் குறுகலு. எப்படி மடிச்சுப் போடறதுன்னு பாக்கறேன்" என்பார் அவர். ஒளிவு மறைவு இல்லாத மனிதர்.

ஆனி மாதக் கடைசியில், தெற்கோர வரிசையில் நான்கு செடிகளில் வெள்ளைப் புள்ளி தெரிந்தது. பனிக்காற்று நுழைகிற பக்கம் அது. அப்பா அந்த நான்கையும் பிடுங்கி எரித்தார். நாமக்கல்லில் நடந்த பயிற்சியில் சொல்லிக் கொடுத்தபடி செடிப் பைகளை நகர்த்தி, செடிக்குச் செடி ஒரு சாண் இடைவெளி விட்டார், இலையில் படாமல் வேரில் மட்டும் தண்ணீர் ஊற்றினார், கந்தகத்தைக் கரைத்து அடித்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். பயிற்சியில் இன்னொன்றும் சொல்லியிருந்தார்கள். கண்டவர்கள் உள்ளே போய்த் தொட்டால் நோய் பரவும், அதனால் பலகை வையுங்கள் என்று. அப்பா பலகை எழுதி வாசலில் மாட்டினார்:

"இங்கே நோய் உள்ளது."

எங்கள் ஊரில் இதைவிடப் பெரிய தவறு கிடையாது. ஒரு வீட்டில் நோய் என்று தெரிந்துவிட்டால், வீட்டுக்கு ஒருவராவது போய்ப் பார்த்தாக வேண்டும். பார்த்தால் மட்டும் போதாது. நோயாளியைத் தொட்டு, "ஒண்ணுமில்ல சாமி, சரியாப் போயிரும்" என்று சொல்ல வேண்டும். தொடாமல் வந்தால் பார்த்ததாக ஆகாது. பார்க்கப் போகாத வீட்டுக்கு நாளை ஒன்று என்றால் யாரும் வரமாட்டார்கள்.

செடியைப் போய்ப் பார்ப்பதா என்று ஊரில் ஒரு கேள்வி எழத்தான் செய்தது. ஊர்க்கவுண்டர் ராசப்பன் அரை நாள் யோசித்தார்.

"சின்னுசாமி மாட்டுக்குக் கழிச்சல் வந்தப்ப எல்லாரும் போய்ப் பாத்தோமா இல்லையா?" என்று கேட்டார்.

"பாத்தமுங்க."

"மாட்டுக்குத் தண்ணி காட்டி வளத்தறோம். செடிக்கும் தண்ணி ஊத்தித்தான் வளத்தறோம். அப்பறம் என்ன?"

மறுநாள் காலை முதல் ஆள் வரத் தொடங்கியது. வாழைப்பழச் சீப்பு, பிஸ்கட் பாக்கெட், சுக்குக் காப்பித்தூள். ஒவ்வொருவரும் வரிசையாக உள்ளே போய், செடியின் உச்சியைத் தடவி, ஒண்ணுமில்ல சாமி என்றார்கள். நல்ல மனதோடு வந்தவர்கள் ஒரு செடியோடு நிற்கவில்லை. கலைமணி அத்தை தெற்கோரத்தில் ஆரம்பித்து வடக்கோரம் வரை ஒன்றுவிடாமல் தடவினாள்.

"ஒண்ணத் தொட்டு ஒண்ணத் தொடாம வந்தா அதுங்களுக்கு மனசு கஷ்டப்படுமில்ல" என்றாள்.

நான்கு நாள் கழித்து நாற்பத்தொரு செடியில் வெள்ளை.

அப்பா நாற்பத்தொன்றையும் எரித்துவிட்டு, வாசலில் மூங்கில் கட்டி அடைத்தார். அன்றைக்கென்று பார்க்க வந்தவர் அர்த்தனாரி. கையில் ஒரு பாக்கெட் ரொட்டி. மூங்கிலுக்கு அந்தப் பக்கம் நின்று சத்தம் போட்டார்: "நோய் பாக்க வந்தவன வாசல்ல நிறுத்தறியா? நான் வலைய அளக்க வரல பங்காளி. டேப்புகூட எடுத்துட்டு வரல. மனுசனா வந்திருக்கறேன்!"

அது உண்மை. அதனால்தான் விஷயம் பெரிதாகிவிட்டது. ஊர் கூடியது. கல்லூரி விடுமுறைக்கு ராசிபுரத்திலிருந்து வந்திருந்த நானும் ஓரமாக நின்றேன். அப்பா எழுந்து, நோய் எப்படிக் கையில் ஒட்டிக்கொண்டு அடுத்த செடிக்குப் போகிறது என்று விளக்கினார். எல்லோரும் பொறுமையாகக் கேட்டார்கள்.

கவுண்டர் சொன்னார்: "நீ சொல்றது வாஸ்தவந்தான் கண்ணு. தொட்டாச் செடி போயிரும். ஆனா தொடலீன்னா மொறை போயிருமே."

அப்போது பின்னாலிருந்து கிழவர் ஒருவர், ஒரே வீட்டில் இரண்டு நோய் வந்தால் எதை முதலில் பார்ப்பது என்று கேட்டார். அவருக்கு இப்படிப்பட்ட சந்தேகங்கள் வரும்.

"மனுசனத்தான். மனுசன் எந்திரிச்சு உக்காந்த பொறகுதான் மத்தது" என்றார் கவுண்டர்.

அம்மா உடனே எழுந்தாள். "ஏனுங்க, இவருக்கும் ரெண்டு நாளா ஒடம்பு சரியில்லீங்க."

ஊர் முழுவதும் அப்பாவைத் திரும்பிப் பார்த்தது. அப்பா ஒரு கையில் மண்வெட்டியோடு, முதுகில் நிறைந்த மருந்து டேங்கை மாட்டிக்கொண்டு நேராக நின்றிருந்தார்.

"என்ன செய்யுது?" என்று கேட்டார் கவுண்டர்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். "இடுப்பு" என்றாள் அம்மா.

"இடுப்பு" என்றார் அப்பா.

கவுண்டர் அவருடைய முதுகிலிருந்த டேங்கை ரொம்ப நேரம் பார்த்தார். "இடுப்புவலிக்காரன் இத்தனை பாரம் தூக்கக் கூடாது. போய்ப் படு" என்றார்.

அன்று சாயந்திரமே எங்கள் வாசல் பலாமரத்தடியில் கட்டில் போடப்பட்டது. வரிசை குடிலிலிருந்து கட்டிலுக்குத் திரும்பியது. நாற்பத்தாறு வீடும் முறைப்படி வந்து அப்பாவின் நெற்றியைத் தொட்டது. எல்லோருக்கும் உண்மை தெரியும். ஆனால் முறை என்று வந்தபின் யாரும் விளையாட்டாகச் செய்யவில்லை. இரண்டு பேர் அழக்கூட அழுதார்கள்.

அப்பாவுக்குத்தான் அது தண்டனையாகிவிட்டது. முப்பதடி தள்ளிச் செடிகள். எழுந்து போய்ப் பார்க்க முடியாது. அம்மாவும் நானும்தான் தண்ணீர் ஊற்றினோம், இலை பார்த்தோம். யார் வந்து நெற்றியைத் தொட்டாலும் அவர் கண்ணை மூடியபடி அம்மாவைக் கூப்பிட்டு ஒரே கேள்வி கேட்பார்:

"தெக்கோரம் எப்படி இருக்குது?"

"சுத்தமா இருக்குது. நீங்க படுங்க."

நோயாளி எந்நேரமும் தெற்கைப் பற்றியே கேட்கிறார் என்று அரியூர் நாடுவரை பேச்சுப் போனது. தெற்கு எமன் திசை. அதுவரை வராத தூரத்துச் சொந்தமெல்லாம் பயந்துபோய் ஜீப் பிடித்து வந்து இறங்கியது. அவர்களுக்கு உண்மை தெரியாது. ஆர்லிக்ஸ் பாட்டில் மட்டும் பத்தொன்பது சேர்ந்தது. அப்பா ஆறு நாளில் கன்னம் உப்பிப்போனார்.

"வீக்கம் மொகத்துக்கு ஏறிருச்சு" என்று சொல்லிவிட்டுப் போனாள் அரியூர்ப் பெரியம்மா.

சொந்தக்காரர்கள் கேட்டுக்கொண்டதால் கிராம செவிலியர் ஜெனிபர் வந்தாள். சமவெளிக்காரி, மலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்தாள்.

"என்ன வியாதிங்க இது? எல்லாம் நார்மலா இருக்கே."

"எல்லாம் நார்மலா இருக்கற வியாதிங்க" என்றாள் அம்மா. பிறகு அவளை உள்ளே கூப்பிட்டு உண்மையைச் சொன்னாள். ஜெனிபர் சுவரில் சாய்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரித்து முடித்து, கிளம்புவதற்கு முன் எதற்கோ இன்னொருமுறை அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். இந்தமுறை கொஞ்ச நேரம் விடவில்லை.

"அண்ணா, நாடித்துடிப்பு அப்பப்ப ஒண்ணு தாண்டுது. விழா முடிஞ்சதும் நாமக்கல் போய் ஒரு இசிஜி எடுத்துருங்க. மறந்துராதீங்க."

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. பொய்யாகப் படுத்திருக்கிறோமே என்று அவருக்கு உள்ளே உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது.

"நெசமாவே ஒண்ணு இருக்குது பாவாயி! இனி யாரு வந்தாலும் பயமில்லாம படுத்துக்கலாம்" என்றார்.

குடிலுக்கே போய்த்தான் தீருவேன் என்று சிலர் இன்னமும் அடம்பிடித்தார்கள். அவர்களுக்காக அம்மா குடில் வாசலில் ஒரு அண்டாத் தண்ணீரும் சோப்பும் வைத்தாள். கை கழுவாமல் உள்ளே விட மாட்டாள்.

"எங்கையி என்ன பீக்கையா?" என்று கேட்டாள் கலைமணி அத்தை.

"உங்க கை தங்கமுங்க. தங்கத்தையும் கழுவித்தான போடறோம்" என்றாள் அம்மா.

விழா நாள் வந்தது. ஐநூற்று ஐம்பத்தைந்து செடி சுத்தமாகத் தேறியிருந்தது. அறுநூறுக்கு நாற்பத்தைந்து குறைவு. அதையாவது சொல்லிச் சமாளிக்கலாம். பெரிய சிக்கல் வேறு. செடியை வளர்த்தவர் நேரில் வந்து ஒப்படைக்க வேண்டும் என்று குழுச் செயலாளர் முருகானந்தம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அப்பாவோ இன்னும் நோயாளி. நோய் தீர்ந்தவருக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் அவர் நடமாடலாம். கவுண்டர் பார்த்த நாளோ விழாவுக்கு மூன்று நாள் கழித்து.

"நாலு நாள் முன்ன தள்ளி வெக்கக் கூடாதுங்களா?" என்று அம்மா கேட்டாள்.

"வியாதி நம்ம சௌகரியத்துக்கா தீரும்?" என்றார் கவுண்டர்.

ஆகவே அப்பா கட்டிலோடு போனார். எங்கள் ஊர் யுவராஜ் தன் பிக்கப் வண்டியைக் கொண்டுவந்தான். நடுவில் கட்டில், சுற்றிலும், கட்டிலுக்கு அடியிலும், கால்மாட்டிலும் தலைமாட்டிலும் ஜினியா. சிவப்பும் மஞ்சளும் வெள்ளையும். இலை கசங்கக் கூடாது என்று அப்பா கைகளை மார்பின்மேல் கோத்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் படுத்திருந்தார். குலுங்கக் கூடாது என்று யுவராஜ் ஆள் நடக்கிற வேகத்தில் ஓட்டினான்.

செம்மேட்டு ரோட்டில் விழாக் கூட்டம். எங்கள் வண்டியைப் பார்த்ததும் கூட்டம் தானாக விலகியது. ஆண்கள் தோளிலிருந்த துண்டை எடுத்தார்கள். டீக்கடையில் பாட்டை நிறுத்தினார்கள். வெளியூர்க்காரர் ஒருவர் பாக்கெட்டிலிருந்து சில்லறையை எடுத்து வண்டிமேல் வீசினார். ஒரு காசு அப்பாவின் மூக்கில் பட்டது.

"யாருங்க பெரியவரு? எப்பங்க ஆச்சு?" என்று ஒருவர் ஓடிவந்து கேட்டார்.

"இன்னும் ஆகலீங்க" என்றான் யுவராஜ்.

"செடிமேல காசு போடாதீங்க, இலை கிழிஞ்சுரும்!" என்று கட்டிலிலிருந்து அப்பா கத்தினார். அந்த மனிதர் எதிர்ப்பக்கக் கடைக்குள் பாய்ந்து ஓடியதை இன்றைக்கும் செம்மேட்டில் சொல்வார்கள்.

கண்காட்சிப் பந்தலில் கட்டிலை இறக்க நான்கு ஆள் தேவைப்பட்டது. மூன்று பேர்தான் இருந்தோம். நான்காவது காலைப் பிடித்தவர் அர்த்தனாரி. இடுப்பில் டேப் செருகியிருந்தது. அன்றைக்கு வலை கைக்கு வரும் என்று தயாராக வந்திருந்தார். முருகானந்தம் ஒரு பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு, செடி செடியாக இலையைப் புரட்டினார். ஒரு மணி நேரத்துக்குமேல் ஆயிற்று. அப்பா கண்ணை மூடிக் கட்டிலின் சட்டத்தை இறுகப் பிடித்திருந்தார்.

கடைசி வரிசைக்கு வந்ததும் அப்பா கேட்டார்: "அது தெக்கோரத்துதுங்க. எப்படி இருக்குது?"

"சுத்தமா இருக்குது. நாப்பத்தஞ்சு கொறையுது, பரவாயில்ல. வலை உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார் முருகானந்தம். பிறகு குனிந்து, "உங்களுக்கு என்னங்க ஒடம்புக்கு?" என்று கேட்டார்.

அப்பா பதில் சொல்வதற்குள் அர்த்தனாரி முந்திக்கொண்டார். "இடுப்புங்க. நான் போய்ப் பாத்தேன். தொட்டும் பாத்தேன்" என்றார்.

மூன்று நாள் கழித்து அப்பாவுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். ஊரே சாப்பிட்டது. மறுநாள் விடியும்போது அவர் கயிற்றோடு குடிலுக்குள் இருந்தார்.

நாமக்கல்லுக்கு மட்டும் அவர் போகவில்லை. ஜெனிபர் பார்க்கும்போதெல்லாம் சொன்னாள். நானும் போனில் சண்டை போட்டேன். நாற்று விட்டிருக்கிறேன் என்பார், பை மாற்ற வேண்டும் என்பார், பனி இறங்குகிற நேரம் என்பார். கடைசியாக ஒருமுறை, "அது ஊரு எனக்குக் குடுத்த வியாதி கண்ணு. சரியாப் போயிரும்னு நாப்பத்தாறு ஊட்டுக்காரங்களும் தொட்டுச் சொல்லிட்டாங்க. இனி என்னத்துக்கு எந்திரம்?" என்றார். கேலியாகச் சொன்னாரா, நம்பித்தான் சொன்னாரா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

போன மாசியில், ஒரு மத்தியான நேரம், தெற்கோரப் பாத்தியில் நட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அம்மா சோற்றுக்குக் கூப்பிடப் போனபோது கையில் கயிறு இருந்தது. வரிசையில் பதினாறு செடி நட்டிருந்தார். இன்னும் பதினொன்று நாற்றுத் தட்டில் இருந்தது.

துக்கத்துக்கு நாற்பத்தாறு வீடும் வந்தது. யாரும் சொல்லாமலே எல்லோரும் அண்டாத் தண்ணீரில் கை கழுவிவிட்டுத்தான் அப்பாவைத் தொட்டார்கள். மூன்று வருடமாக எங்கள் ஊரில் நோய் பார்க்கப் போகிறவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். எதற்கு என்று கேட்டால், முறை என்பார்கள்.

அர்த்தனாரி கடைசியாக வந்தார். தொட்டார். தொட்டவர், சரியாப் போயிரும் என்று இனிச் சொல்ல வழியில்லாததால், அம்மாவின் பக்கம் திரும்பி, "தெக்கோரம் எப்படி இருக்குது?" என்று கேட்டார்.

"பாதியில நிக்குது" என்றாள் அம்மா.

அவர் குடிலுக்குள் போனார். காரியமெல்லாம் முடிந்து நாங்கள் போய்ப் பார்த்தபோது பதினொரு செடியும் மண்ணில் இருந்தது. தன் டேப்பை வைத்து, சாணுக்கு ஒன்றாக அளந்து நட்டிருந்தார். மறுவாரம் முருகானந்தத்திடம் போய், பட்டியலில் தன் பெயருக்கு மேலே பாவாயி என்று எழுதச் சொல்லியிருக்கிறார். எனக்கு இன்னும் எடம் தோதுப்படல என்றாராம். இதை முருகானந்தம்தான் எங்களுக்குச் சொன்னார்.

அம்மா அந்த வரிசையின் முனையில் குந்தி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். பதினாறு செடிவரை கோடு போட்டதுபோல வந்து, அதற்குமேல் லேசாக வடக்கே சாய்ந்து போயிற்று. அர்த்தனாரி இடைவெளியை அளந்தாரே தவிர, கயிற்றை இழுத்துக் கட்டவில்லை.

"சங்கீதா, அந்த மொனையப் புடி" என்றாள்.

நான் கயிற்றைப் பிடித்தேன். பதினொன்றையும் வேர் உடையாமல் பெயர்த்து, முதலிலிருந்து நட்டோம்.